ஒரு துளை ஏறிய ஆணி

நீலியாற்றின் தென்கரையும், ஏழுமடைப் பேரணையும், அதன் நீரில் விளையும் நிலமும், அந்நிலத்தை நம்பி வாழும் உயிர்களும் எவர் குடைநிழலில் அடங்கினவோ, அத்தென்கரை மண்டலம் ஆளும் இளவரசர், கிழக்கெல்லைப் பாசறையில் வாளோடு விழித்திருக்கும் நெடுவேளார் திருமுன்பு, ஆழிமுற்றத்து அரியணை வீற்றிருக்கும் பேரரசியாரின் ஒற்றுத்துறை அமைச்சன் எயினன் தத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மண்டலத்தில் கதிரும் கன்றும் பெருகுக. தங்கள் மதில்வாயில்கள் விருந்தினர்க்குத் திறந்தும் பகைவர்க்கு அடைத்தும் இருப்பனவாகுக. தங்கள் தாயாராகிய பேரரசியார் நலம். தங்கள் நலத்தைக் கேட்டெழுதச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன்.

இவ்வோலையின் அரக்கு முத்திரை முன்னமே எவராலும் உடைத்து ஒட்டப்படவில்லை என்பதைத் தாங்கள் விளக்கின் அருகில் வைத்துப் பார்த்துக்கொள்க. கொண்டுவருபவன் நல்லவன். இருந்தும் அவன் பின்னால் இன்னொருவனை அனுப்பியிருக்கிறேன்.

செய்தி யாதெனில், ஏழுமடை அணையின் கணிப்பொறிக் காப்பாளனாகிய அழிசி என்பான், வடகரை நாட்டாரிடம் பொன் பெற்று, வெள்ளக் கணக்கைத் திரித்து, கீழைத்தெருவில் பதினோரு உயிர் மாளக் காரணமானான் என்றும், வரும் நிறைமதி நாளில் அவன் தலையை வாங்க விதித்திருப்பதாகவும், அவ்விதிக்குப் பேரரசியார் கணையாழி முத்திரை வேண்டும் என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். பேரரசியார் அவ்வோலையை இருமுறை படித்தார்கள். பின்பு கணையாழியைக் கழற்றினார்கள். ஓலையில் வைக்கவில்லை, என் கையில் வைத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு நீயே வை அல்லது வையாதே, உன் சொல்லே என் சொல் என்றார்கள். ஆகவே ஒரு மனிதன் தலை என் விரலில் தொங்க, நான் ஏழுமடை வந்து சேர்ந்தேன்.

எனக்கு எவரையும் நம்பும் வழக்கம் கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. என் மனைவி சோறு வெந்துவிட்டது என்றாலும் பானையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலை போடுவேன். அழிசியையும் அவ்வாறே பார்த்தேன். நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு, வாயில் எப்போதும் நூல்வழக்கு, தான் படித்த படிப்பைக் கேட்பவர்க்கெல்லாம் எடுத்துரைக்கும் செருக்கு. இப்படிப்பட்டவன் பொன் வாங்கியிருப்பான் என்று நம்ப எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஆயினும் விசாரணையைத் தாங்கள் ஐயுற்ற இடத்தில் தொடங்காமல், தாங்கள் ஐயுறாத இடத்தில் தொடங்கினேன். அது கப்பல் வணிகன் ஏறன்.

தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்காவலர் அளந்தனுப்பும் மழையளவைக் கொண்டு, வெள்ளம் எப்போது அணைக்கு வரும், எந்த மடையை எவ்வளவு முன்னதாகத் திறக்க வேண்டும் என்று சொல்லுவதே இக்கணிப்பொறியின் வேலை. அதன் பழைய செயலி நொடிக்கு ஐம்பது கோடி அடி நடக்கும். ஏறன் கொணர்ந்த புதிய செயலியின் முதுகில் நூறு கோடி என்று பொறித்திருந்தது. அதை வாங்கிப் பொருத்தியபின், முன்பு ஒரு நாழிகை ஆன கணக்கு அரை நாழிகையில் முடியும் என்று தாங்கள் காத்திருக்க, அது முக்கால் நாழிகை எடுத்தது. அன்றே ஏறன் ஏய்த்துவிட்டான் என்று தாங்கள் சினந்ததாகக் கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனோ கடல்மேல் ஆணையிட்டான், பிள்ளைமேல் ஆணையிட்டான். சத்தியம் சர்க்கரைப்பொங்கல் என்று சொல்லும் ஊரில் பிறந்தவன் நான். அவன் விற்ற அதே வகைச் செயலி ஒன்றை ஆழிமுற்றத்துக்கு அனுப்பி, அங்குள்ள பொறிநூலார் முன்னிலையில் ஓட்டிப் பார்க்கச் செய்தேன். அது சொன்னபடி நூறு கோடி அடி நடந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

பொய்யில்லாத பொருள் ஏன் பாதி வேலை செய்கிறது என்று பொறிநூலாரைக் கேட்டேன். அவர்கள் விளக்கியதை என் அறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன். தாங்கள் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டும், ஏனெனில் ஒரு தலை இதற்குள் இருக்கிறது.

கணிப்பொறிக்குள் தாய்த்துடிப்பு என்று ஒன்று உண்டு. நம் பொறியில் அது நொடிக்குப் பத்துக் கோடி முறை துடிக்கும். செயலி தனக்கென்று தனித்துடிப்பு வைத்துக்கொள்வதில்லை. தாய் ஒருமுறை துடிப்பதற்குள் தான் பத்து அடி வைக்கிறது, அதனால் நூறு கோடி. பழைய செயலி ஐந்து அடி வைத்தது, அதனால் ஐம்பது கோடி. பத்து, ஐந்து என்னும் இந்தப் பெருக்கெண்ணை, செயலியைச் செய்தவர்களே அதன் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நாம் மாற்ற ஒண்ணாது. கணக்குக்கு வேண்டிய எண்களையெல்லாம் வைத்திருப்பது நினைவகம். நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே எண்கள் போய்வரும் வழிக்குப் பாட்டை என்று பெயர். நினைவகமும் பாட்டையும் தாய் ஒருமுறை துடித்தால் ஓர் அடியே வைக்கும். செயலி எத்தனை பெரிய ஓட்டக்காரனாயினும், எண் பாட்டை வழியே பத்துக் கோடி வேகத்தில்தான் வந்து சேரும். அதுவரை அவன் கைகட்டி நிற்பான். அரண்மனை அடுக்களையில் அரிவாள்மணைக்காரி எவ்வளவு விரைந்து அரிந்தாலும், உக்கிராண அறையிலிருந்து காய் வந்தால்தானே அரிவாள். ஆக, கைக்குள் இருக்கும் எண்களைக்கொண்டு செய்யும் வேலை இருமடங்கு விரைந்தது. எண்ணுக்காகக் காத்திருக்கும் வேலை பழைய விரைவிலேயே நின்றது. இரண்டும் சேர்ந்து முக்கால் நாழிகை. ஏறன் செயலியை விற்றான், பாட்டையை விற்கவில்லை. அவனை விட்டுவிட்டேன், துறைமுகம் தாண்டும்வரை ஓர் ஆளை மட்டும் பின்னே வைத்தேன்.

இவ்வளவும் அறிந்தபின் ஏழுமடைப் பொறியின் முன் உட்கார்ந்து அதனை எழுப்பச் சொன்னேன். பொறி விழித்தெழும்போது தன் வேகத்தைத் தானே திரையில் சொல்லும். அது நூறு கோடி என்று சொல்லவில்லை, இளவரசே. நூற்றுப் பன்னிரண்டு கோடி என்றது. அளவில் குறைத்துக் கொடுக்கும் வணிகரை ஆயிரம் பேரைக் கண்டிருக்கிறேன்; விற்றதற்கு மேல் கொடுத்தவனை இந்தத் தலை நரைத்தும் கண்டதில்லை. பெருக்கெண் பூட்டப்பட்டது என்றால், ஏறியது தாயாகத்தான் இருக்க வேண்டும். தாய் பத்துக் கோடியிலிருந்து பதினொரு கோடியே இருபது இலட்சத்துக்கு ஏறியிருந்தால், செயலி மட்டுமா ஏறும்? பாட்டையும் ஏறும், நினைவகமும் ஏறும். செயலி புதியது, இளையது, அந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டது. நினைவகமோ பழையது, பத்துக் கோடிக்கென்றே வார்க்கப்பட்டது. அதற்கெனத் தனியாக வேகம் வைக்க இப்பொறியில் வழியுமில்லை. தாய் போனால் பிள்ளையும் போக வேண்டியதே.

அதன்பின் ஒரே கணக்கைக் காலையிலும் கொடுத்தேன், உச்சியிலும் கொடுத்தேன். காலையில் எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை. வெயில் ஏறி அறை கொதித்தபின் விடை மாறியது. ஒருமுறை மூன்று மடை என்றது, மறுமுறை வெள்ளமே வராது என்றது. உச்சிப்பொழுதில் எவனோ உள்ளே வந்து கைவைக்கிறான் என்று ஐயுற்றுக் கதவுக்கு இருவரை நிறுத்தினேன். அவ்விருவரையும் ஐயுற்றுச் சன்னலுக்கு ஒருவனை நிறுத்தினேன். பின்பு எல்லோரையும் வெளியே தள்ளித் தாழிட்டு நானே தனியே உட்கார்ந்தேன். அப்போதும் பொறி பொய் சொல்லிற்று. என்னைத் தவிர அங்கே ஆளில்லை, நான் பொன் வாங்கவில்லை. எனவே பொய் சொன்னது சூட்டில் தடுமாறி எண்ணை மறந்த நினைவகம் என்று தெளிந்தேன்.

ஆனால் தாயை ஏற்றியது யார்? அழிசிக்குத் தெரியாமல் அது நடந்திருக்க முடியாது. சிறையில் அவனை மும்முறை கேட்டேன். முதலில் வணிகன்மேல் பழி போட்டான். வணிகன் தூயவன் என்றதும் மழைமேல் போட்டான். மூன்றாம் முறை வாயையே மூடிக்கொண்டான். நூல்வழக்கு பேசாத அழிசியைக் கண்டதும் என் ஐயம் இருமடங்காயிற்று. வடகரைப் பொன் எங்கே புதைந்திருக்கிறது என்று அறிய அவன் வீட்டைத் தோண்டச் சொன்னேன். கிடைத்தவை ஓர் உடைந்த உரலும் பூனைக்குட்டிகளும்.

தோண்டிய இடத்தில் நின்ற அவன் மனைவி குமுதை, என்னைப் பார்த்து அழவுமில்லை, வணங்கவுமில்லை. உன் கணவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அவரு வாயைத் திறந்தாலும் போகும், திறக்காட்டியும் போகும். எப்படியும் போகப்போற தலைக்கு எதுக்குய்யா இத்தனை விசாரணை? குழியை மூடிட்டுப் போங்க.”

திறக்காவிட்டால் தலை போகும் என்பது தங்கள் விதி. திறந்தால் எவர் விதி? வடகரையான் நம் சிறைக்குள் வந்து தலை வாங்க முடியாது. உள்ளூரில் அழிசி அஞ்சும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அப்போது புரிந்தது. குழியை மூடச் சொல்லிவிட்டு நேரே பொறியறைக்குப் போய், பொறியின் மேல்மூடியைக் கழற்றச் செய்தேன்.

தாய்த்துடிப்பின் வேகத்தை வைப்பது ஒரு சிற்றாணி. முதல் துளையில் செருகினால் பத்துக் கோடி. அடுத்த துளையில் செருகினால் பதினொரு கோடியே இருபது இலட்சம். ஆணி இரண்டாம் துளையில் இருந்தது. அதன் தலையில் உலர்ந்த சந்தனம் இருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டு நூல் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது.

இளவரசே, அந்தப் பட்டு நூலை எந்தக் கை கட்டும் என்று இந்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாய் எதை நிறுவினாலும் அரசகுலத்தார் முதலில் தொட்டு, அதனை ஒரு படி ஏற்றிவைத்து, நூல் கட்டுவது நம் ஏற்றுக்கை வழக்கம். விளக்காயின் திரியை ஏற்றுவோம், கொடியாயின் ஒரு முழம் ஏற்றுவோம். தங்கள் பாட்டனார் விருந்தினர் மாளிகையில் ஓர் உறியை ஒரு படி ஏற்றிவைத்தார்கள். இன்றுவரை அங்கே தயிர் எடுக்க ஏணி வைக்கிறார்கள். அரசகை ஏற்றியதை அக்கை ஒன்றே இறக்கலாம். வேறு எவர் இறக்கினாலும் அவர் வலக்கையைத் துணிக்க வேண்டும் என்பது சட்டம். புதிய செயலியை நிறுவிய நன்னாளில், தாங்கள் சந்தனம் தொட்டு அந்த ஆணியை ஒரு துளை ஏற்றினீர்கள். சுற்றி நின்றவர் வாழ்த்தினார்கள். பொறியில் வேகம் கூடியது என்று தாங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். ஏற்றுவதற்கென்று இருக்கும் பொருள் அல்ல அது என்று எவரும் சொல்லவில்லை, அழிசி உட்பட.

ஆணியின் நூலைக் கண்டேன் என்று சிறையில் போய்ச் சொன்னதும் அவன் உடைந்துபோனான். ஏற்றிய அன்றே தனக்குத் தெரியும் என்றான். இறக்க அஞ்சினான், சொல்லவும் அஞ்சினான், சொன்னால் அரசகையின் செயலைக் குற்றம் கூறியதாகும். ஆகவே சன்னலெங்கும் வெட்டிவேர்த் தட்டி கட்டி, நாழிகைதோறும் நீர் தெளித்து, அறையைக் குளிர வைத்தே பொறியை ஓட்டியிருக்கிறான். அத்தட்டிகளைக் குறித்துத் தங்கள் காவலர் ஐயத்தோடு எழுதியதையும் படித்தேன். உள்ளே நடப்பதை மறைக்கக் கட்டினான் என்று எழுதியிருந்தார்கள். நானும் அதைப் படித்துத் தலையாட்டினேன். வெள்ளம் வந்த நாளில் மலைமேல் மழை, இங்கே அனல். அன்று காலை தங்கள் அரண்மனைக் காரியக்காரர் வந்து, இளவரசர் இளைப்பாறும் மண்டபத்துக்கு வேண்டும் என்று எல்லாத் தட்டிகளையும் அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார். உச்சியில் பொறி இரண்டு மடை திறந்தால் போதும் என்றது. அழிசிக்கு அந்த விடைமேல் நம்பிக்கையில்லை. ஆயினும் எழுதிக் கொடுத்தான்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “அந்த ஆணியை ஒரு துளை இறக்கியிருந்தா பதினோரு பேரும் இன்னைக்கு இருந்திருப்பாங்க. என் கையைக் காப்பாத்த அவங்களைக் கொடுத்துட்டேன். தலையை வாங்கிக்கங்க, எனக்கு வழக்கில்லை.”

எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, சினமே வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவன்மேல் வந்த சினம் அவனோடு நிற்கவுமில்லை. அவன் கோழை. ஆனால் பொன் வாங்கியவன் அல்லன், திரித்தவன் அல்லன், வடகரையார்க்கு விற்றவன் அல்லன். இந்தக் குற்றத்துக்கு அந்தத் தலை இல்லை.

இதையெல்லாம் எழுதித் தங்களை வரவழைத்து, தங்கள் திருக்கையாலேயே ஆணியை இறக்கச் செய்வதே முறை என்று ஓலை நறுக்கிக்கொண்டிருந்தபோது, மலைக்காவலர் புகை எழுப்பினார்கள். மேற்கே பெருமழை. தாங்கள் இருக்கும் பாசறையோ குதிரை மாற்றி ஓடினாலும் நாட்கணக்கில் தொலைவு. வெள்ளமோ நாளைக்கே வரும். தட்டிகள் இளைப்பாறு மண்டபத்திலிருந்து திரும்பவில்லை. கேட்டனுப்பியதற்கு, இளவரசர் உத்தரவின்றித் தர இயலாது என்று மறுமொழி வந்தது. அறை அனலாய் இருந்தது. பொறி ஒருமுறை நான்கு மடை என்றது, மறுமுறை ஒன்று என்றது. கீழைத்தெருக் குடிகள் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். நம் சொல்லை அவர்கள் நம்பவில்லை, அதற்காக அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஊர்ச்சபைத் தலைவரையும், மடைக்காவலர் தலைவனையும், தங்கள் காரியக்காரரையும் சான்றாக நிறுத்தி, அவர்கள் கண் முன்னே பட்டு நூலை அறுத்து, ஆணியைப் பிடுங்கி, முதல் துளையில் செருகினேன். காரியக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்க்கச் சொல்லி இன்னொருமுறை காட்டினேன். பொறி எழுந்து நூறு கோடி என்றது. நினைவகம் தன் பழைய பத்துக் கோடிக்குத் திரும்பியது. கணக்கு முன்னிலும் நீண்டது, வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்துக்கு. ஒன்பது முறை கேட்டேன், ஒன்பது முறையும் ஐந்து மடை என்றது. ஐந்து மடையைத் திறந்தோம். கீழைத்தெருவை மேட்டில் ஏற்றினோம். வெள்ளம் மறுநாள் சொன்ன பொழுதில் வந்து, கரைக்கு உட்பட்டே கடந்து போயிற்று. ஒரு கோழிக்குஞ்சும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்; நேரில் போய் எண்ணியும் பார்த்தேன், உண்மைதான்.

ஆகவே பேரரசியாரின் கணையாழி கொண்டு நான் இடும் ஆணை இது. அழிசிமேல் விதித்த கொலைத்தண்டம் இந்நாழிகையோடு நீங்கியது. அவன் காப்பாளன் பதவி துறந்து, உயிரிழந்த பதினோரு குடும்பத்தார் முன்னும் நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குக் குமுதை அவனை அழைத்துப் போயிருக்கிறாள். பொறிக்குப் புதிய நினைவகம் வரும்வரை எவரும் தாய்த்துடிப்பை ஏற்றலாகாது, எக்குலத்தவராயினும். வெட்டிவேர்த் தட்டிகள் பொறியறைக்கே உரியன.

சட்டத்தை மீற எனக்கு ஆணையில்லை. பேரரசியாரிடம் அதைக் கேட்கவும் மாட்டேன். அரசகை ஏற்றியதை இறக்கியவன் நான், சான்று மூவர். அதனால் அழிசி வெளியேறிய சிறையறையில் நான் புகுந்து, வெளியே தாழிடச் செய்து, உள்ளிருந்தே இவ்வோலையை எழுதுகிறேன். கூரை ஒழுகுகிறது. காவலன் கொண்டுவரும் கஞ்சியை அவனை முதலில் குடிக்கச் செய்துவிட்டே குடிக்கிறேன். தாங்கள் பாசறையிலிருந்து இறங்கி இங்கு வந்து, ஆணியை ஏற்றியது தங்கள் கையே என்று ஊரார் முன் உரைத்தால், இறக்கும் உரிமையும் தங்களுடையதாகும். நான் தங்கள் பொருட்டு இறக்கினேன் என்றாகித் தண்டம் நீங்கும். அவ்வாறு உரைக்கத் தங்களுக்கு மனமில்லையாயின், வாள் பிடிப்பவனை அனுப்புக. இளவரசர் இவற்றுள் எதைச் செய்வார் என்று என்னைக் கேட்டவர்களுக்கு, நான் எவரையும் நம்பி வாக்குக் கொடுப்பதில்லை என்று விடை சொன்னேன்.

நீலியாறு வற்றாதிருக்க, நீதி வழுவாதிருக்க, பேரரசியாரின் கணையாழி பொறித்து, ஏழுமடைச் சிறையறையிலிருந்து எயினன் தத்தன் வலக்கையால் எழுதியது. அடுத்த ஓலையை நான் எந்தக் கையால் எழுதுவேன் என்பது தங்கள் மறுமொழியில் இருக்கிறது.